கிழிக்காமல் போடுங்கள்

மிச்ச ரொட்டியைக் குப்பையில் போடக்கூடாது என்று மன்சூரா நகரில் யாருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தெருவில் ஒரு துண்டு கிடந்தால்கூட எடுத்து முத்தமிட்டு, மிதிபடாத இடமாகப் பார்த்து வைத்துவிட்டுத்தான் மறுவேலை. பம்பு இலாகாவின் கிளை அலுவலகத்திலும் அப்படித்தான். தேநீர் மூலையில் ஓர் ஆணி, ஆணியில் ஒரு பை, பையில் காய்ந்த ரொட்டி. யாராவது தங்கள் கோழிக்கு எடுத்துப் போவார்கள். மற்றபடி காகிதம், தேயிலைச் சக்கை, எண்ணெய் வழியும் பொட்டலம், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே தொட்டியில் ஒன்றாகக் குடும்பம் நடத்தின. அந்தக் குடும்பத்தைப் பிரிக்கப் புறப்பட்டவள் இன்ஸாஃப்.

அவளாகப் புறப்படவில்லை. நாற்பத்தாறு வயது, கணவன் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம், ஒரே மகன் ஹாஸிம் ராணுவத்தில். தபால் மேசையில் இருபத்தொரு வருடமாக வருகிற கடிதத்துக்கு எண் போட்டு, போகிற கடிதத்துக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் எந்த இயக்குநரும் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "தபால், இங்க வாங்க" என்பார்கள். புதிதாக வந்த இயக்குநர் ஸஃப்வத் மட்டும்தான், எல்லோரும் மரியாதையாக 'பே' என்று அழைக்கிற அவர்தான், அவளை அறைக்குள் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, காப்பியும் வரவழைத்தார்.

"மேடம் இன்ஸாஃப், இந்த ஆபீஸ்ல உங்க பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்குன்னு சொன்னாங்க."

"யாரு பே சொன்னது? என் மகனே என் பேச்சைக் கேக்க மாட்டான்."

அவர் சிரித்தார். பிறகு திட்டத்தைச் சொன்னார். மூன்று பெட்டிகள். சாப்பாட்டு மிச்சத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, காகிதத்துக்குப் பூட்டுப் போட்ட பச்சைப் பெட்டி ஒன்று. காகித ஆலையோடு பேசி முடித்தாகிவிட்டது. மாதம் ஒருமுறை லாரி வரும். பழைய தாள் கூழாகிப் புதுத் தாளாகும்.

"ஆலைக்காரங்க ஒரே ஒரு நிபந்தனை வெச்சிருக்காங்க. தாள் முழுசா இருக்கணும். கிழிச்சது, கசக்கினது, நனைஞ்சது எதையும் எடுத்துக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்களுக்கு இதைப் பழக்க உங்களாலதான் முடியும்."

பெட்டியின் சாவியை அவள் கையிலேயே கொடுத்தார். வியாழன்தோறும் திறந்து, தாள்களை அடுக்கிக் கட்டி, ஈரம் படாமல் இயக்குநர் அறை அலமாரியில் வைத்துவிட வேண்டும். லாரி வரும் நாளில் அங்கிருந்து இறக்கிக்கொள்ளலாம். இன்ஸாஃப் அன்று வீட்டுக்கு நடந்தே போனாள். வழியில் தேவையில்லாமல் தனக்கென்று ஒரு கிலோ கொய்யாப்பழம் வாங்கினாள். சந்தோஷம் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு மறந்து போயிருந்தது.

மறுநாள் தன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினாள். 'கிழிக்காமல் போடுங்கள். கசக்காமல் போடுங்கள். நனைக்காமல் போடுங்கள்.'

நல்லது சொன்னால் நாலு பேர் சிரிக்காமல் விடுவார்களா? தேநீர் போடும் ஃபத்தூஹ் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நோட்டீசை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"அக்கா, தேயிலைச் சக்கைக்கு எந்தப் பெட்டி? அதுக்கும் ஏதாவது மனு எழுதிக் குடுக்கணுமா?"

கணக்குப் பிரிவு ஹுவைதா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "என் வீட்டுக்காரரை மூணு பெட்டியிலயும் போட்டுப் பாத்துட்டேன் அக்கா. எதுல போட்டாலும் அப்படியே திரும்பி வர்றாரு."

இரண்டு வாரம் பச்சைப் பெட்டிக்குள் ஒரு பத்திரிகையும் இரண்டு மிட்டாய்த் தாளும் மட்டும் விழுந்தன. காரணம் இன்ஸாஃபுக்குத் தெரியும். காரணம் அவள் எதிர் மேசையில்தான் உட்கார்ந்திருந்தது.

ஷஹாத்தா கிடங்குக் கணக்கர். பத்தொன்பது வருடமாக அவளுக்கு எதிர் மேசை. அலுவலகத்தில் எந்தக் கடிதமும் 'பிஸ்மில்லாஹ்' என்று இறைவன் பெயரால்தான் தொடங்கும். அப்துல்லா, அப்துர்ரஹ்மான் என்று பாதிப் பேருடைய பெயரிலேயே இறைவன் பெயர் இருக்கிறது. அப்படிப்பட்ட தாள் தேயிலைச் சக்கையோடு கிடப்பதை ஷஹாத்தாவால் சகிக்க முடியாது. நாற்காலிக்குப் பின்னால் ஒரு துணிப்பை வைத்திருந்தார். தன் தாள் மட்டுமில்லாமல், மற்றவர்கள் எறிந்ததையும் பொறுக்கி அதில் சேர்ப்பார். வெள்ளிக்கிழமை வீட்டு மாடியில் மரியாதையாக எரித்துச் சாம்பலை வாய்க்காலில் கரைப்பார். மற்றவர்களும் வாய்விட்டுச் சொல்லாமல் தங்கள் தாள்களை அவர் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர் பைக்கு இருந்த நம்பிக்கை அவள் பெட்டிக்கு இல்லை.

"அண்ணே, நீங்க ஒருத்தர் போட்டா போதும். மத்தவங்க ஆட்டுமந்தை மாதிரி பின்னாடி வருவாங்க" என்றாள் ஒருநாள் சாப்பாட்டு வேளையில்.

"எங்க போகுது அந்தத் தாள்? உனக்குத் தெரியுமா? நாளைக்கு எவனாவது அதுல பொரிகடலை மடிச்சுக் குடுப்பான். தின்னவன் கீழ போட்டு மிதிப்பான். அந்தப் பாவம் யாருக்கு?"

"ஆலைக்குப் போகுது. தண்ணியில ஊறவெச்சு எழுத்தே இல்லாம கரைச்சுடறாங்க. பள்ளிவாசல் இமாம்கிட்டயும் கேட்டுட்டேன். எரிக்கறதைவிட இது சுத்தம்னு சொல்றாரு."

"இமாமுக்கு ஆலையைத் தெரியாது. ஆலைக்கு இமாமைத் தெரியாது. நடுவுல நீதான் இருக்க."

"நான்தானே இருக்கேன்? என்னை நம்ப மாட்டீங்களா?" கையிலிருந்த ரொட்டியைப் பிய்க்காமல் அப்படியே தூக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இந்த ரொட்டி மேல சத்தியம். அந்தப் பெட்டியில போடற தாள் என் கையை விட்டா ஆலைக்குத்தான் போகும். வேற ஒருத்தர் கையிலயும் படாது."

ரொட்டி மேல் ஆணையிட்டால் மேலே பேச ஒன்றுமில்லை. ஷஹாத்தா பையைக் கொண்டுவந்து, ஒவ்வொரு தாளாக நீவி, பெட்டியின் வாய்க்குள் விட்டார். மறு வாரமே பெட்டி நிறைந்தது. ஹுவைதா கசக்கிய தாளைக்கூட மேசை விளிம்பில் தேய்த்து நேராக்கிப் போட்டாள். வியாழக்கிழமைகளில் இன்ஸாஃப் தாள்களை வெள்ளைக் கயிற்றால் கட்டிக் குழந்தையைப் போல் மார்போடு அணைத்து இயக்குநர் அறைக்குக் கொண்டுபோவாள். அவர் எழுந்து நின்று வாங்குவார். "நீங்க இல்லாட்டி இது நடந்திருக்காது மேடம் இன்ஸாஃப்" என்பார்.

அப்படி மூன்று மாதம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை ஷஹாத்தா காலையிலிருந்து எதையோ எழுதுவதும் அடிப்பதும் மறுபடி எழுதுவதுமாக இருந்தார்.

"என்ன அண்ணே, கதை எழுதறீங்களா?"

"கதைதான். நடந்த கதை" என்றார். கையால் தாளை மறைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறன்று இயக்குநர் அவரை அழைத்தார். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. தேநீரைத் தொடாமல் வைத்துவிட்டார். புதன்கிழமை காலைத் தபாலில் தலைமையகத்தின் உறை வந்தது. இன்ஸாஃப் வழக்கம்போல் பிரித்து எண் போட்டாள். பிறகுதான் படித்தாள்.

தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுவது என்பார்களே, அந்தக் காட்டுக்கு இங்கே ஊர்ப்பெயரே உண்டு: கார்கா. பாலைவனத்துக்கு நடுவில், பேருந்தில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊர். 'பொதுநலனை முன்னிட்டு' ஷஹாத்தா பத்து நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டுமாம்.

அவர் மனைவி நபவிய்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் இங்கே மருத்துவமனையில் இயந்திரத்தில் ரத்தம் சுத்தம் செய்கிறார்கள். ஷஹாத்தாதான் கைத்தாங்கலாக அழைத்துப் போகிறார், அழைத்து வருகிறார். பெண்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வளைகுடாவில். நபவிய்யாவைக் கார்காவுக்குக் கூட்டிப்போவதும் கொன்றுபோடுவதும் ஒன்றுதான்.

உத்தரவை அவரிடம் கொடுக்க வேண்டியவளும் இன்ஸாஃப்தான். அவர் நின்றபடியே படித்தார், மடித்தார்.

"பன்னெண்டு பம்பு வந்துடுச்சுன்னு ஸஃப்வத் பே வரவு வெக்கச் சொன்னாரு" என்றார் தணிந்த குரலில். "கிடங்குல ஒண்ணுகூட இல்லை. எல்லாம் அவரு மச்சான் பண்ணையில தண்ணி இறைக்குது. தலைமையகத்துக்கு எழுதினேன். இன்னும் அனுப்பக்கூட இல்லை, சட்டைப்பையிலதான் இருக்கு. நபவிய்யாகிட்டகூடச் சொல்லலை."

"அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை என்னை நிக்க வெச்சுக் கேட்டாரு. 'கண்ணால பாக்காத பம்பைக் கையால எழுத மாட்டீங்களாமே ஷஹாத்தா?' அந்த வரியை நான் எழுதினேன், இன்ஸாஃப். திமிராத் தெரியுதுன்னு அப்பவே அடிச்சுட்டேன். ரெண்டாவது தாள்ல அது கிடையாது. நல்ல பிரதியிலயும் கிடையாது. முதல் தாள்ல மட்டும்தான் இருந்தது."

"முதல் தாளை என்ன பண்ணீங்க?"

"நீ என்ன பண்ணச் சொன்னியோ அதைப் பண்ணினேன்."

அவள் கண் பச்சைப் பெட்டிப் பக்கம் போனது.

"மேல பிஸ்மில்லாஹ் எழுதியிருந்தேன். இல்லாட்டி சுக்குநூறாக் கிழிச்சுச் சக்கையில போட்டிருப்பேன். முன்ன மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோய் எரிச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. சாவி உங்கிட்டதானே இருக்கு?"

பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

வாசலில் காகித ஆலையின் லாரி நின்றது. மாதக் கடைசி. இன்ஸாஃப் படியிறங்கி ஓடினாள். அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்த ஆளிடம் கேட்டாள்.

"கிழிச்ச தாள் இருந்தா எடுத்துப்பீங்களா?"

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "என்னம்மா கேள்வி இது? நாங்க எல்லாத்தையும் அரைச்சுக் கூழாக்கத்தானே போறோம். கிழிச்சுக் குடுத்தா எங்க வேலை மிச்சம்."

"முழுசாதான் இருக்கணும்னு நீங்க நிபந்தனை போட்டீங்களாமே?"

"நாங்களா? ஈரமா இருக்கக் கூடாதும்போம். அவ்வளவுதான். அது போகட்டும், உங்க ஆபீஸ்ல எழுதின தாளே எங்களுக்கு வர்றதில்லையே. அட்டையும் பழைய பத்திரிகையும்தான் மாசாமாசம் ஏத்தறோம்."

மாடி ஏறி வந்தவள் கதவைத் தட்டாமல் இயக்குநர் அறைக்குள் போனாள். அலமாரி திறந்துதான் இருந்தது. அவள் மூன்று மாதமாகக் கட்டிக் கொடுத்த கட்டுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் வெள்ளைக் கயிறு அவிழ்ந்திருந்தது. சில தாள்களின் ஓரத்தில் சிவப்புப் பென்சில் கோடு. ஹுவைதா தன் அக்காவுக்கு எழுதி முடிக்காமல் விட்ட கடிதம்கூட அதில் இருந்தது.

ஸஃப்வத் பே எழுந்திருக்கவில்லை. கோபமும் படவில்லை. "உக்காருங்க மேடம் இன்ஸாஃப்."

"ஆலைக்குன்னு சொன்னீங்க. நான் ரொட்டி மேல சத்தியம் பண்ணிக் குடுத்தேன் பே. உங்க வார்த்தையை நம்பி."

"ஆலைக்குப் போகாதுன்னு யாரு சொன்னா? போகும். நான் படிச்ச அப்புறம் போகும்." பென்சிலை மேசைமேல் வைத்தார். "இந்த ஆபீஸ்ல யாரு என்ன நினைக்கறாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு முன்னால இருந்தவரு ஆளை வெச்சு ஒட்டுக்கேட்டாரு. ஒரு பிரயோஜனமும் இல்லை. நீங்க மூணு மாசத்துல மொத்தப் பேரையும் நீவி அடுக்கிக் குடுக்க வெச்சுட்டீங்க."

அவர் பாராட்டுகிறார் என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. முதல்நாள் காப்பியோடு தந்த அதே பாராட்டு. அன்றைக்கு அதை நம்பிக் கொய்யாப்பழம் வாங்கித் தின்ற தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"அவரு பொண்டாட்டி செத்துப்போயிடுவா" என்றாள்.

"அது எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரன் இல்லை." அவர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். "அந்த உத்தரவை இதுக்குள்ள வெச்சுடறேன். ஆள் பற்றாக்குறை, இப்ப அனுப்ப முடியாதுன்னு ஒரு வரி எழுதினா அது பாட்டுக்கு இங்கயே தூங்கும். ஆனா ஷஹாத்தா பெட்டியைப் பாத்து ஒதுங்கினா மத்தவங்களும் ஒதுங்குவாங்க. நாளைக்குக் காலையில எல்லாரும் இருக்கும்போது பழையபடி வந்து தாள் போடட்டும். நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க சொல்லித்தானே போட ஆரம்பிச்சாரு?"

திட்ட வேண்டும் என்றிருந்தது. காறித் துப்ப வேண்டும் என்றிருந்தது. ஆனால் அவள் கண்முன் நபவிய்யாவின் வீங்கிய கைதான் நின்றது.

நண்பகல் தொழுகை முடிந்து ஷஹாத்தா மாடிப்படிக்குக் கீழே பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். இன்ஸாஃப் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். லாரிக்காரன், அவிழ்ந்த கயிறு, சிவப்புப் பென்சில், இழுப்பறை. சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாது அண்ணே. ஹாஸிம் மேல ஆணையாத் தெரியாது."

"பிள்ளை மேலயெல்லாம் ஆணை போடாத. நம்பறேன்."

"நம்பறீங்களா?"

"நீ அப்படிப்பட்டவ இல்லைன்னு ஒரு மணி நேரம் கழிச்சு எனக்கே தோணிடுச்சு. உனக்குத் தெரியாதுதான்." பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். "இப்ப என்ன கேக்க வந்த? அதைச் சொல்லு."

கேட்க வந்ததை அவரே சொன்னார்.

"நாளைக்கு வந்து தாள் போடணும். எல்லாரும் பாக்கற மாதிரி. அப்படித்தானே?"

"நபவிய்யாவுக்காகத்தான் அண்ணே."

"ஆமா. அவளுக்காகத்தான். நான் வேண்டாம்னு சொல்ல முடியாதுன்னு அவருக்கும் தெரியும், உனக்கும் தெரியும்." அவர் குரல் உயரவே இல்லை. "மூணு மாசத்துக்கு முந்தி தெரியாமக் கேட்ட இன்ஸாஃப். அதை மன்னிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லை. இன்னிக்குத் தெரிஞ்சே கேக்குற."

காலணியை மாட்டிக்கொண்டு படியேறிப் போனார். அவள் அங்கேயே நின்றாள். அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை என்பதுதான் தாங்க முடியவில்லை. ஸஃப்வத் ஏமாற்றியது அவளை. அவள் ஏமாற்றப்போவது ஹுவைதாவை, ஃபத்தூஹை, அத்தனை பேரையும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஷஹாத்தா எழுந்தார். துணிப்பையிலிருந்து நாலைந்து தாள்களை எடுத்து மேசைமேல் வைத்து நீவினார். பச்சைப் பெட்டி வரை நடந்து போய் ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். எல்லாம் எழுதாத வெற்றுத் தாள்கள் என்பது எதிரே இருந்த இன்ஸாஃபுக்கு மட்டும்தான் தெரியும்.

"என்ன ஹாஜி, நேத்து பெட்டிப் பக்கமே வரலையேன்னு பாத்தேன். அக்காவோட சண்டையோன்னு நினைச்சேன்" என்றான் ஃபத்தூஹ்.

"சண்டை என்ன சண்டை? உன் டீயைக் குடிச்சு வயித்தைக் கலக்கிடுச்சு" என்றார் ஷஹாத்தா. எல்லோரும் சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஹுவைதா ஒரு தாளோடு வந்தாள். பாதி எழுதியது. மேசை விளிம்பில் தேய்த்து நேராக்கினாள். "பாருங்க அக்கா, ஒரு மடிப்பு இல்லை. என் மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு அடங்கினதில்லை" என்று சொல்லிக் கண்சிமிட்டிவிட்டுப் பெட்டிக்குள் போட்டாள். கிழித்துப் போடு என்று கத்த இன்ஸாஃபுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடியும் போய்விட்டது.

சாயங்காலம் கிளம்பும் நேரத்தில் அவள் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்தால் நபவிய்யா.

"இன்ஸாஃப், என் கண்ணு, அவரு நேத்தே சொல்லிட்டாரு. மாத்தல் வந்துச்சாமே. நீதான் பெரியவருகிட்ட போய்ப் பேசி நிறுத்தினியாமே. கூடப் பிறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா. ஆண்டவன் உன் கையை எங்கயும் வெறுங்கையா விடாம இருக்கட்டும். ஹாஸிம் நல்லபடியாத் திரும்பி வரட்டும். கேக்குதா?"

"கேக்குது நபவிய்யா."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, வீட்டுக்கு வா. எனக்கு நிக்க முடியாது. அவரு வாத்து சமைக்கறேன்னு சொல்லியிருக்காரு. நீ வந்தே ஆகணும். வருவியா?"

ஓய்ந்துபோன அலுவலகத்தில் அந்தக் குரல் எதிர் மேசை வரைக்கும் கேட்டது. ஷஹாத்தா கிடங்குப் பேரேட்டைத் திறந்து வைத்திருந்தார். வராத பன்னிரண்டு பம்புகளுக்கான வரவு வரியில் பேனாவை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தார்.

"வர்றேன்" என்றாள் இன்ஸாஃப்.

அவர் பேரேட்டை மூடிவிட்டு, அவளைப் பார்க்காமல், மேல்சட்டையை எடுத்துக்கொண்டு போனார்.